திக்... திக்... செஞ்சிக்கோட்டை உச்சி! ஏறப் போறவங்க இதைப் படிச்சிட்டு போங்க

திண்டிவனம்,

லீவு நாள் வந்துவிட்டால் போதும். பைக்கை எடுத்துக்கொண்டு ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்பிவிடுகிறார்கள் நம்மூர் வாலிபர்கள். பெட்ரோல் காசே ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆனால் உடம்பு வியர்த்து, கால் நடுங்கி, உச்சியில் நின்று 'அப்பாடா' என்று மூச்சுவிடும் இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் செஞ்சிக்கோட்டை.

திண்டிவனத்தில் இருந்து சுமார் 28 கிலோ மீட்டர். விழுப்புரத்தில் இருந்து 40 கிலோ மீட்டருக்குள்தான். திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை போகும் பஸ் எல்லாம் செஞ்சி வழியாகத்தான் போகிறது. ரெயில் மட்டும் கிடையாது. திண்டிவனம் - திருவண்ணாமலை ரெயில் பாதை திட்டம் பல வருஷமாக இழுத்துக்கொண்டே போவது ஊருக்கே தெரிந்த கதை.

கடந்த 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் இந்தக் கோட்டையை யுனெஸ்கோ உலக பாரம்பரிய சின்னமாக அறிவித்தது. மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற பெயரில் மொத்தம் 12 கோட்டைகள் தேர்வாகின. அதில் 11 மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. மிச்சம் இருந்த ஒன்று நம்ம செஞ்சி.

மூன்று மலை... 13 கிலோ மீட்டர் மதில்!

செஞ்சிக்கோட்டை என்றால் ஒரே மலை என்று பலர் நினைக்கிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் சுற்றி வளைத்து சுமார் 13 கிலோ மீட்டருக்கு மதில் ஓடுகிறது.

இதில் ராஜகிரிதான் உயரமானது. சுமார் 800 அடி. அடிவாரத்தில் கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம் எல்லாம் பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினால், முதலில் படிகள் சாதுவாகத்தான் இருக்கும். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோவில். அதைத் தாண்டிய பிறகுதான் மலை தன் வேலையைக் காட்டும். ஒருபக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் ஆள் உயரப் புதர். படிகள் சில இடத்தில் முழங்கால் உயரம். பழக்கம் இல்லாதவர்கள் உச்சிக்குப் போய்ச் சேர ஒன்று, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது கெண்டைக்கால் சதை பேசும்!

உச்சிக்கு முன் ஒரு பிளவு

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலையே இரண்டாகப் பிளந்து நிற்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் எதிரி வந்தால் இங்கிருந்த பாலத்தை எடுத்துவிடுவார்களாம். அதன்பிறகு எத்தனை பெரிய படை வந்தாலும் இந்தப்பக்கமே நிற்க வேண்டியதுதான். இப்போதும் ஒரு பாலத்தின் மேல் நடந்துதான் உள்ளே போக வேண்டும். கீழே பார்த்தால் வயிற்றில் ஏதோ செய்யும்.

இந்த அமைப்புக்குக் கிடைத்த பலன் சாதாரணம் அல்ல. சிவாஜி 1677-ல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவரது மகன் ராஜாராம் பிறகு இங்கே தஞ்சம் புகுந்தபோது, அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690-ல் வந்து முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷம்! அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். உச்சியிலேயே வற்றாத சுனை, களஞ்சியம் எல்லாம் இருந்ததால்தான் இது முடிந்தது. தெருக்கூத்தில் நாம் பார்க்கும் ராஜா தேசிங்கு 1714-ல் ஆற்காடு நவாப்புடன் மோதி உயிரை விட்டதும் இந்த மண்ணில்தான்.

உச்சியில் ரங்கநாதர் கோவில், ஒரு பழைய பீரங்கி, அப்புறம் காற்று. அந்தக் காற்றுக்கே டிக்கெட் காசு சரியாகப் போச்சு.

வெயில்தான் முதல் எதிரி

ஆனால் விளையாட்டாகப் போகக்கூடாது. இங்கே ஆளைச் சாய்ப்பது உயரம் அல்ல, வெயில். மலை முழுக்க கருங்கல். காலையில் இருந்து வாங்கிய சூட்டை மதியத்துக்கு மேல் பாறை திருப்பிக் கக்கும். தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழ் சூடு. இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் சீக்கிரம் வற்றிவிடும்.

தலைவலி, வாந்தி, கால் பிடிப்பு வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. நிழலில் உட்கார்ந்து உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ அது ஆபத்து. வாயில் தண்ணீர் ஊற்றாமல் உடம்பை நனைத்து விசிற வேண்டும். உடனே 108-க்கு போன். ஒன்றை மறக்கக்கூடாது, ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வரும். அங்கே வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். 800 அடி உயரத்தில் இருந்து ஒரு ஆளை படியில் தூக்கி இறக்குவது என்றால் சும்மாவா?

அதனால் காலை 9 மணிக்கு கேட் திறக்கும்போதே போய்விடுவது நல்லது. பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ராஜகிரிக்கு ஏற விடுவதில்லை. ஆளுக்கு குறைந்தது 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. தண்ணி பாட்டிலையும் தின்பண்டத்தையும் கையில் ஆட்டிக்கொண்டே போனால் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும். பாறை இடுக்கில் தேன்கூடு தெரிந்தால் சத்தம் போடுவது, புகை விடுவது, கல் எறிவது எதுவும் கூடாது. குடித்துவிட்டு ஏறுகிறவர்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல. பிளவுக்குப் பக்கத்தில் செல்பி எடுப்பவர்களும் அதே ரகம்தான்.

சுனை, குளம் பார்க்க அழகாக இருக்கும். பாசி பிடித்த கல்லில் கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். நீச்சல் தெரிந்தவருக்கும் ஏறி வரப் பிடிமானம் இருக்காது.

கிருஷ்ணகிரி சின்ன மலை. ரோட்டுக்கு வடக்குப் பக்கம் இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் இதில் ஏறிப் பார்த்துவிட்டு ராஜகிரிக்கு வரலாம். சந்திரகிரியில் பாதை புதர் மண்டிக் கிடக்கிறது. அந்தப்பக்கம் போகாமல் இருப்பதே மேல். செஞ்சியைச் சுற்றியுள்ள காப்புக்காடுகளிலும் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் பலியானதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கடலில் குளிக்கிறீர்களா?

மலை வேண்டாம் என்கிறவர்கள் மரக்காணம் தொடங்கி பொம்மையார்பாளையம் வரை கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். இங்கே இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை.

அலை கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது ஏதாவது ஒரு குறுகலான வழியில், வேகமாக ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். 'இங்கதான் அலை இல்லையே' என்று இறங்குகிறவர்களைத்தான் அது இழுத்துக்கொண்டு போகிறது. இழுபடுகிறவர் பயந்துபோய் கரையைப் பார்த்து நேராக நீந்துகிறார். தண்ணீரை ஜெயிக்க முடியாது. கை ஓய்ந்து மூழ்கிவிடுகிறார்.

மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதக்க வேண்டும். கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். இழுப்பு குறைந்ததும் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி விலகி, பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும்.

கரையில் நிற்கும் நண்பர் பதறிப்போய் தானும் குதிப்பதால்தான் ஒன்று இரண்டாகிறது. குதிக்காமல், மூடி போட்ட காலி கேன், ரப்பர் டியூப், கயிறு, எது கையில் கிடைக்கிறதோ அதை வீச வேண்டும். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டு இருக்கும் மீனவர்களைக் கூப்பிட வேண்டும். அவர்களுக்குத்தான் அந்தத் தண்ணீரின் போக்கு தெரியும்.