குளிரிலும் வற்றும் உடம்பு

வியர்க்காத ஊரில் வறட்சியா?

உடம்பில் நீர் வற்றுவது என்றால் கோடை வெயிலும் சமவெளியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஸ்வெட்டர் போட்டுக் கிடக்கும் பிள்ளைக்கு நீர் எங்கிருந்து வற்றும் என்று கேட்பவர்கள் உண்டு. வயிற்றுப்போக்கில் நீர் மலத்தோடும் வாந்தியோடும் போகிறது. வெயிலுக்கு அதில் வேலையே இல்லை. இன்னும் சொன்னால், சின்னக் குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரஸ் இந்தியாவில் அதிகம் பரவுவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஊட்டியில் உறைபனி படிவதும் அப்போதுதான்.

குளிரில் தாகமும் தெரியாது. பிள்ளை தண்ணீர் கேட்காது, நாமும் கொடுக்க மாட்டோம்.

கம்பளிக்குள் மறையும் அறிகுறிகள்

கைக்குழந்தைக்கு நீர் குறைந்தால் உச்சிக்குழி உள்வாங்கும். இங்கே அதன் மேல் எப்போதும் கம்பளிக் குல்லா. கைகால் சில்லிட்டுப்போவது ஆபத்தின் அடையாளம். மலையில் எல்லாப் பிள்ளைக்கும் கை சில்லென்றுதான் இருக்கும். அதனால்தான் குளிர்ப் பகுதி மருத்துவர்கள் விரல் நுனியை நம்பாமல் நெஞ்செலும்பின் மேல் அழுத்தி எடுத்து, நிறம் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். மூன்று நொடிக்கு மேல் போனால் கவலைதான். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் இரண்டு நொடிக்கு மேல் மடிந்தே நிற்பது, குழிவிழுந்த கண், கண்ணீர் வராத அழுகை, ஆறு மணி நேரமாக நனையாத டயப்பர், இவற்றை வீட்டிலேயே பார்த்துவிடலாம். மலத்தில் ரத்தம் வந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

உச்சி குழிவிழுந்தால் குடல் தட்டவும் தொக்கம் எடுக்கவும் நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது சரியான அறிகுறி. கொண்டுபோகும் இடம்தான் தவறு.

"பாட்டில் ஏத்தலையா?"

வார்டில் தாய்மார் கேட்கும் முதல் கேள்வி இது. நர்ஸ் நீட்டுவதோ ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஸ்பூனும், சிகிச்சையே தரவில்லை என்று கோபம் வருகிறது. ஆனால் அதுதான் சிகிச்சை. 1971-ல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைத்தான் டிரம்களில் நிரப்பிக் குடிக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடல் சுவரைக் கடக்கும் குளுக்கோஸ் உப்பையும் கூடவே இழுத்துச்செல்கிறது. உப்பின் பின்னே தண்ணீர் போகிறது. வயிற்றுப்போக்கிலும் பெரும்பாலும் இந்த வழி அடைபடுவதில்லை.

நடுத்தர வறட்சிக்கு நான்கு மணி நேரத்தில் எடை ஒரு கிலோவுக்கு 75 மில்லி ஓ.ஆர்.எஸ். எட்டுக் கிலோ பிள்ளைக்கு 600 மில்லி. ஒரே மூச்சில் ஊற்றினால் வாந்திதான். நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் போதும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். மயங்கிக் கிடக்கும், குடிக்க முடியாத பிள்ளைக்குத்தான் டிரிப். மிகவும் மெலிந்த, சத்துக்குறைவுள்ள பிள்ளைக்கு அதை வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது.

சளிக்காய்ச்சலுக்குச் சேர்த்த பிள்ளைக்கு மூன்றாம் நாள் வார்டிலேயே வயிற்றுப்போக்கு வருவதும் உண்டு. சில நேரம் ஆன்டிபயாடிக் காரணம். சில நேரம் நம் கை. ரோட்டா வைரஸ் கட்டில் கம்பியிலும் பொம்மையிலும் பல நாள் உயிரோடிருக்கும். சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஜனவரிக் காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைப்பது கொடுமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

டீயும் டெட்ரா பேக்கும்

தேயிலை நாட்டில் வயிற்றுவலிக்கும் டீ, வாந்திக்கும் டீ. சர்க்கரை தூக்கலான வர டீ குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். பழச்சாறு டெட்ரா பேக்கும் அப்படியே. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொண்ட சர்க்கரைப் பானங்களை எதிர்த்து ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டு போராடினார். உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி இல்லாத பானத்துக்கு அந்தப் பெயர் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சரியான ஓ.ஆர்.எஸ். தூள் என்றால், 20.5 கிராம் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். ஆவி வந்ததும் இறக்காமல், தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறிய பிறகு ஓ.ஆர்.எஸ். கலக்குங்கள்.

கொழுந்து பறிக்கப் போன அம்மா

அம்மா மலைச்சரிவில் இருக்கும்போது பிள்ளை எத்தனை முறை போனது என்பது காப்பக ஆயாவுக்குத்தான் தெரியும். 50 பெண் தொழிலாளர் உள்ள தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. காப்பக அலமாரியில் நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால், மாலை வரை காத்திருக்காமல் அங்கேயே தொடங்கிவிடலாம். கூடலூரில் 1990 முதல் இயங்கும் அஸ்வினி அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் நர்ஸ்களாகவும் பழக்கியது. பிள்ளைக்கு அருகில் இருப்பவருக்கு விவரம் தெரிந்திருப்பதுதான் அதன் பலன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது துத்தநாக மாத்திரை தருவார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், மற்றக் குழந்தைகளுக்கு 20. போக்கு நின்றதும் பலர் அட்டையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, 14 நாளும் கொடுக்க வேண்டும்.