புயல் செய்தியும் செடி விளம்பரமும்

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கைக் கொடுப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடல் அதிகம் கொந்தளிப்பதும் அந்த மாதங்களில்தான். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியின் வரைபடமும், மாங்கன்றுக்கும் செம்பருத்திக்கும் மழைக்காலச் சலுகை என்று ஒரு நாற்றுப்பண்ணை போடும் படமும் அப்போது ஒரே கைப்பேசியில் அடுத்தடுத்து வருகின்றன. செடி வாங்க நினைப்பவர் இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நாற்றுப்பண்ணை விளம்பரம் இன்று சாலையோரப் பலகையோடு நிற்பதில்லை. வாட்ஸ்அப்பில் விலையோடு படப்பட்டியல், இன்ஸ்டாகிராமில் அரை நிமிடக் காணொளி, யூடியூபில் நடவு முறை விளக்கம் என்று அது விரிந்துவிட்டது. குறிப்பிட்ட ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி பணம் கட்டியும் விளம்பரம் செய்ய முடிகிறது. சிறு பண்ணைக்காரருக்கு இது பெரிய உதவி. ஆனால் படத்தில் தெரிவது இலையும் பூவும் காயும்தான். மரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேர் பாலித்தீன் பைக்குள் மறைந்திருக்கிறது. ஒரே பையில் நெடுநாள் கிடந்த கன்றின் வேர் வெளியேற வழியில்லாமல் பையின் சுவரை ஒட்டிச் சுருண்டுவிடும். நிலத்தில் நட்ட பிறகும் அந்தச் சுருள் விரியாமல் போகலாம். அப்படிப்பட்ட மரம் மேலே நன்றாகத் தழைத்திருந்தாலும் பிடிமானம் இல்லாததால் பலத்த காற்றில் அடியோடு சாயும். உயரமான கன்று என்று விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படுவது, சில நேரம் பையில் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்ட கன்றாகவே இருக்கிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது வேரின் முக்கியத்துவம் தெருத்தெருவாகத் தெரிந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த வண்டலூர் உயிரியல் பூங்காவும் ஏராளமான மரங்களை இழந்து, பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. நிழலுக்காகவும் பூவுக்காகவும் சாலையோரம் நடப்பட்ட குல்மோகர், பெருங்கொன்றை போன்ற வேகமாக வளரும் அயல் மரங்கள் அதிகம் சாய்ந்தன. அதன்பின் வேம்பு, புங்கன், நாவல் போன்ற மண்ணின் மரங்கள் பற்றிய பேச்சு கூடியது. அந்தப் பேச்சு நியாயமானதுதான். ஆனால் எந்த இனத்துக்கும் புயலில் சாயவே சாயாது என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது. வேர் ஓட இடமில்லாமல் சிமென்ட் தளத்துக்கு நடுவே நிற்கும் வேம்பும் விழும்.

வானிலைச் செய்தியில் வரும் சொற்களுக்குத் திட்டமான அளவுகள் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்தால் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்ட பிறகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகிப் பெயர் பெறுகிறது. எச்சரிக்கையின் மஞ்சள் நிறம் நிலைமையைக் கவனிக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு உடனே செயல்படவும் சொல்கிறது. தனியார் வானிலை ஆர்வலர்களின் பக்கங்கள் பயனுள்ளவை. தமிழ்நாடு வெதர்மேன் என்று அறியப்படும் பிரதீப் ஜானின் பதிவுகளைப் பெருங்கூட்டம் பின்தொடர்கிறது. இருந்தாலும் அதிகாரபூர்வ எச்சரிக்கையை வெளியிடுவது சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம்தான். எந்தப் புயலுடையது என்றே தெரியாத பழைய காணொளியைப் போட்டு, அதன் கீழே கடைசி நாள் சலுகை என்று விற்பவரிடமிருந்து விலகி நிற்பதே நல்லது.

ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாட்களில் கூரியரில் செடி வரவழைப்பது கூடாது. சாலை அடைபட்டால் அட்டைப்பெட்டி கிடங்கில் தங்கிவிடும். ஈரமும் இருட்டும் சேர்ந்து இலை உதிரும், வேர் அழுகும். மழை ஓய்ந்த பிறகே அனுப்புவோம் என்று பதிவு போடும் பண்ணை ஒரு வார வருமானத்தை விட்டுக்கொடுத்து வாடிக்கையாளரின் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறது. செடி விளம்பரங்களில் அதைவிட நேர்மையான விளம்பரம் கிடையாது.

புயல் போன கையோடு மரக்கன்று வாங்கும் ஆர்வம் பொங்கும். மண்ணுக்கு அந்த அவசரம் ஒத்துவராது. ஏரிப் பாசனக் களிமண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வடிந்த பிறகே குழி வெட்ட வேண்டும். ஜனவரியில் நட்ட கன்று இரண்டு மாதத்திலேயே வெயிலில் மாட்டிக்கொள்கிறது. அக்னி நட்சத்திரம்வரை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஆடி, ஆவணியில் நட்டது ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் வேர் பிடித்துவிடும். அதற்கும் முட்டுக்குச்சி கட்ட வேண்டும். தண்டை இறுக்காமல் சற்றுத் தளர்வாகக் கட்டினால்தான் தண்டு உரம் பெறும்.

தவறான கன்று வாங்கிய இழப்பு உடனே தெரியாது என்பதுதான் இந்த வியாபாரத்தின் பெரிய சிக்கல். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை அழித்தது. அங்கே மீண்டும் நட்டாலும் நெட்டைத் தென்னை காய்க்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். இரகம் பொய் என்பது தெரியவரும்போது அத்தனை ஆண்டு உழைப்பும் போயிருக்கும். தமிழ்நாட்டில் கன்று விற்கும் நாற்றுப்பண்ணைகள் 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் பெற வேண்டும். ஆகவே உரிம எண்ணைக் கேட்பதும், இரகத்தின் பெயர் எழுதிய ரசீதை வாங்கி வைப்பதும் வாங்குபவரின் உரிமை. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு மேல்கதிர்பூர், விச்சந்தாங்கல் அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் அருகிலேயே உள்ளன. அங்கே கன்றை நேரில் பார்த்து வாங்கலாம்.

இணையவழி விற்பனைக்கு 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளுக்கும் இதே விதிதான். ஆனால் புயல், வெள்ளம் போல மனித சக்திக்கு மீறிய காரணத்தால் நேர்ந்த தாமதத்துக்கு விலக்கு உண்டு. பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வைத்தால், செடி தாமதத்தால் வாடியதா, வரும்போதே வேறு செடியா என்பதற்குச் சான்று இருக்கும். புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.