இறந்த அப்பா மகள் கல்யாண வரவேற்பில் நின்றார்!
கம்ப்யூட்டர் மண்டபத்தில் நடந்த 'அவதார' அதிசயம்

பெண்ணின் அப்பா 2021-ம் ஆண்டு காலமாகிவிட்டார். ஆனால் 2022 பிப்ரவரியில் நடந்த மகளின் கல்யாண வரவேற்பில் அவர் 'வந்து' நின்றார்!

பேய்க் கதை அல்ல. நம்ம தமிழ்நாட்டில் நடந்த சேதிதான்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம் கிராமத்தில் தாலி கட்டு. மாப்பிள்ளை சென்னை ஐ.ஐ.டி.யில் வேலை பார்த்தவர். கொரோனா நேரம். கூட்டம் சேர்க்க வழியில்லை. ஆகவே வரவேற்பை கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்தார்கள். ஹாரி பாட்டர் கதையில் வருகிற கோட்டைதான் மண்டபம். சொந்தபந்தங்கள் செல்போன், லேப்டாப் வழியாக உள்ளே வந்தார்கள். ஆளுக்கு ஒரு உருவம். அப்பாவுக்கும் ஒரு உருவம்!

வேஷம் பேசும்

இந்த உருவத்துக்கு 'அவதார்' என்று பெயர். நம்ம 'அவதாரம்'தான்! தலையில் 'வி.ஆர்.' கண்ணாடியை மாட்டிக்கொண்டால், அந்த உருவத்துக்குள் நாமே புகுந்த மாதிரி இருக்கும்.

ராயபுரம், திருவொற்றியூர் மளிகைக் கடைகளில் இருக்கிற தென்மாவட்டக்காரர்களுக்கு இது புதுசல்ல. குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேஷம் போட்டவரைப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரரே ஆனாலும் கை தானாகக் குவிகிறது அல்லவா? வேஷம் போட்டவரின் நடையும் மாறிவிடுகிறது!

உயரத்தின் பேரம்

இதையே அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற இருவர் சோதித்து, 2007-ல் வெளியிட்டார்கள். சிலருக்கு உயரமான உருவம். சிலருக்குக் குள்ள உருவம். பிறகு, பணத்தைப் பங்கு போடச் சொன்னார்கள்.

உயரமான உருவம் கிடைத்தவர்கள் அடித்துப் பேரம் பேசினார்கள். குள்ள உருவம் கிடைத்தவர்களோ, அநியாயப் பங்குக்கும் தலையாட்டினார்கள்! சொந்த உயரம் என்ன என்பது பிரச்சினையே இல்லை. உருவத்தைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான் கொடுத்திருந்தார்கள்.

காசிமேடு மீன் ஏலத்தில் உரத்த குரலுக்கு இருக்கிற மவுசு, அங்கே உயரத்துக்கு!

பெண்களுக்குத் தொல்லை

இதில் ஆபத்தும் உண்டு. 'மெட்டா' கம்பெனியின் வி.ஆர். உலகில் ஆண் உருவங்கள் நெருங்கி வந்து தகாத முறையில் தொடுவதாக 2021-ல் பெண்கள் புகார் சொன்னார்கள். "பொம்மையைத்தானே தொட்டான்?" என்று சிலர் கேலி பேசினார்கள். ஆனால் கண்ணுக்கு முன்னே கை நீளும்போது உடம்பு பதறுவது நிஜம். கடைசியில் 2022 பிப்ரவரியில், உருவங்களுக்கு நடுவே சுமார் 4 அடி இடைவெளி போட்டது கம்பெனி.

வீட்டில் கவனம்

எண்ணூரில் ஒற்றை அறை வீடானாலும் செல்போன் இருக்கிறது. அதில் விளையாடும் பிள்ளைகளும் உருவம் போட்டுக்கொண்டுதான் முகம் தெரியாதவர்களோடு பேசுகிறார்கள். எதிரே நிற்பது சின்னப் பையன் உருவமாக இருக்கலாம். ஆட்டுவிக்கிறவன் 40 வயது ஆளாக இருக்கலாம்!

"யாரோட விளையாடுறே கண்ணு?" என்று இன்று ராத்திரி ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.