உப்புத் தண்ணி குடித்த ரேடியேட்டர்

சித்திரை வெயிலில் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பழைய கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆமத்தூர் வருவதற்குள் கண் நாலு தடவை டெம்பரேச்சர் முள்ளுக்குப் போய்விடும். என்னுடையது 1997 மாடல் அம்பாசடர் டீசல். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. காலண்டர் ஆர்டர் பிடிப்பது தொழில். ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வந்ததும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மார்கழிவரை வண்டிக்கு ஓய்வு கிடையாது. ரேடியேட்டர் வேலையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முள் ஏறினாலே ரேடியேட்டர் போச்சு என்று முடிவு கட்டுவது நம் ஊர் வழக்கம். மெக்கானிக் தம்பி அப்படிச் சொல்லவில்லை. "மொதல்ல மூடியைப் பாப்போம் அண்ணாச்சி" என்றார். மூடி வெறும் மூடியல்ல. 0.9 என்று அச்சடித்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் நூறு டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 118 வரை கொதிக்காமல் தாங்குகிறது. ரப்பர் இற்றுப்போனால் அந்தத் தாங்கும் சக்தியும் போச்சு. அடுத்தது, இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பது. விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். என் வண்டியில் மூடியும் சரி, கேஸ்கெட்டும் சரி.

ரேடியேட்டர் கடையில் கேஸ் நெருப்பைக் காட்டி ஈயத்தை இளக்கி மேல் டாங்கைக் கழற்றினார்கள். வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதைப் போல வெள்ளைக் காறை. பாதிக் குழாய்களின் வாயே தெரியவில்லை. காறையோடு மஞ்சள் நிறத்தில் ஒரு சேறு. லீக்கை அடைக்க எந்தக் காலத்திலோ ஒரு டிரைவர் கொட்டிய மஞ்சள்தூள்! ஊர் போய்ச் சேர அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை மட்டும் தேடிப்போய் அடைக்கும் புத்தி மஞ்சளுக்குக் கிடையாது. கம்பி விட்டுக் குத்திக் காறையை எடுத்துவிடலாமே என்றேன். கடைக்காரர் பதில் சொல்லாமல் நகத்தால் ஃபின்னைச் சுரண்டினார். பொடியாக உதிர்ந்தது. கோரின் ஆயுள் முடிந்திருந்தது. பித்தளை டாங்குகள் மட்டும் நல்ல நிலையில் இருந்தன.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-இல் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆக, என் முன்னால் மூன்று வழிகள். வண்டி உடைக்கும் கடையில் கிடைக்கும் பழைய ரேடியேட்டரை யோசிக்காமல் ஒதுக்கினேன். எந்த ஊர்த் தண்ணியைக் குடித்ததோ, யாருக்குத் தெரியும்? மிச்சம் இரண்டு: பழைய டாங்குகளுக்கு நடுவே புதுச் செம்புக் கோர், இல்லையென்றால் அலுமினியம்.

வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அதை வைத்துச் செம்புதான் உசத்தி என்று சொல்லிவிட முடியாது. செம்புக் கோரில் குழாயையும் ஃபின்னையும் சேர்ப்பது ஈயம். அது வெப்பத்தைச் சுமாராகத்தான் கடத்தும். அலுமினியத்தில் அகலக் குழாய் வைக்கலாம், எடையும் குறைவு. புதுக் கார்கள் அதற்கு மாறியதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அலுமினியத்தின் குணத்தை எங்கள் பட்டாசுக்காரர்களிடம் கேட்க வேண்டும். வெடிக்கு வெள்ளை வெளிச்சம் தருவது அதன் பொடி. ஈரம் பட்டால் மருந்து தானாகச் சூடேறும் என்று அவர்கள் பயப்படுவதும் அதனால்தான். தகடாக இருக்கும்போது மேலே படிந்த மெல்லிய ஆக்சைடுப் படலம் அதைக் காப்பாற்றுகிறது. உப்பும் காரமும் உள்ள போர் தண்ணி அந்தப் படலத்தை அரித்துவிடும். பிறகு ஊசித் துளைகள்தான். செம்பில் துளை விழுந்தால் சாத்தூரிலோ திருத்தங்கலிலோ யாராவது ஈயம் வைத்துக் கொடுத்துவிடுவார். அலுமினியத்தை ஒட்டும் கை எல்லா ஊரிலும் இல்லை. ஊர் ஊராக அலைகிற எனக்கு அதுவே போதுமான காரணம். செம்புக்கே போனேன். பழைய கோரில் எத்தனை வரிசைக் குழாயோ அத்தனை வரிசை, அதே கனம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வரிசை குறைத்து மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் மலிவு மட்டும்தான் கிடைக்கும்.

உங்களுடையது பிளாஸ்டிக் டாங்க் வைத்த கார் என்றால் என் வழி உங்களுக்குச் சரிப்படாது. விரிசல் விட்ட டாங்கில் எம்-சீல் அப்பிக்கொண்டிருக்காமல், உங்கள் மாடலுக்கான அலுமினிய ரேடியேட்டரையே புதிதாக வாங்குங்கள். ஹோஸ்களையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

எதை மாட்டினாலும் போர் தண்ணி ஊற்றாதீர்கள். கூலன்ட்டில் கலக்க, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டவும் வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பான விஷம்; நாயும் ஆடும் நக்கிக் குடித்தால் பிழைப்பது கஷ்டம்.