மசாய் மாராவில் மூன்று இரவுகள்: கூடாரமும் சரக்கறையும்

வெளிநாட்டுப் பயணம் என்றால் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போய் வருவதே நம் வணிகர்களின் வழக்கம். சென்ற ஆகஸ்டில் நாங்கள் நான்கு குடும்பத்தார் கென்யாவுக்குச் சென்று, மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் மூன்று இரவுகள் கூடாரத்தில் தங்கினோம்.

காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டி. நடுவில் வேலி கிடையாது. மாடும் மானும் கலந்தாற்போல் இருக்கும் வில்டபீஸ்ட் கூட்டம் புல்லைத் தேடி ஜூலை முதல் அக்டோபர் வரை இந்தப் பக்கம் வருகிறது. முகாம்களுக்கு அதுவே சீசன்.

கூடாரம் என்றதும் திருவிழாக் கொட்டகையை நினைக்க வேண்டாம். தடித்த கான்வாஸ், கட்டில், கம்பளி, பின்புறம் குளியலறை எல்லாம் உண்டு. குளிக்கும் நேரத்தைச் சொன்னால் வெளியே தொங்கும் பையில் வெந்நீர் ஊற்றுகிறார்கள். இருட்டிய பிறகு தனியே ஓரடி வைக்கக் கூடாது. ஈட்டியுடன் மசாய் காவலர் வந்து அழைத்துப் போவார். இரண்டாம் இரவு கூடாரத்துக்கு அருகிலேயே நீர்யானை மேய்ந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கு டப்பாக்களை முதல் நாளே வாங்கி, எண்ணிக் குறித்துக்கொண்டு, சமையற்கட்டில் வைத்துவிட்டார்கள். தின்பண்டத்தின் வாசனைக்குக் குரங்கும் வரும், கழுதைப்புலியும் வரும்.

சிங்கத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எங்கள் கண் போனது சரக்கறையின் மேல். நைரோபி சுமார் 270 கிலோமீட்டர். வழியில் நாரோக் என்ற ஊர்தான் கடைசிப் பெரிய சந்தை. வாரம் இருமுறை லாரி. விட்டுப்போன உப்பை வாங்கிவரப் பக்கத்தில் கடை இல்லை. மாவு, பருப்பு, சர்க்கரை எல்லாம் மூடிய தகர டிரம்மில். ஒவ்வொரு டிரம்முக்கும் ஓர் அட்டை, அதில் வரவு, பற்று, இருப்பு. எத்தனை விருந்தினர் என்பது முன்பே தெரிவதால் கொள்முதலில் கழிவு அதிகமில்லை. காலி டப்பாவும் பாட்டிலும் அதே லாரியில் திரும்புகின்றன. 2017 ஆகஸ்டில் அந்நாடு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. மீறினால் 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம் அல்லது 4 ஆண்டு வரை சிறை. தடை வந்தால் வியாபாரமே போய்விடும் என்று நம்மில் பேசுவோர் நாரோக் சந்தையைப் பார்க்க வேண்டும்.

மழைக்காலம்தான் சோதனை. அங்கும் கரிசல் மண். நனைந்தால் வண்டி அச்சு வரை இறங்கிவிடும் என்பதைக் கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பல முகாம்கள் மூடியிருக்கும். 2024 மே தொடக்கத்தில் தாலெக் ஆறு பெருகி முகாம்களுக்குள் புகுந்தபோது, தங்கியிருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

அதற்கு முன் 2020-இல் கொரோனா. சுற்றுலா நின்றது, சம்பளம் நின்றது. நாரோக் காய்கறி வியாபாரி ஒருவர் பழைய பாக்கி நிற்கும்போதே காவலாளிகளுக்கும் சமையற்காரருக்கும் மாதக்கணக்கில் மாவும் கீரையும் கடனாக அனுப்பினாராம். பாக்கி தீர ஒன்றரை ஆண்டு ஆனதாம். இன்று அந்த முகாம் காய்கறிக்கு வேறு கடை ஏறுவதில்லை என்றார் சரக்கறைப் பொறுப்பாளர்.

அங்கே கடைக்குப் பெயர் 'டூக்கா', பணம் 'பெசா', சர்க்கரை 'சுக்காரி'. 'பெசா' நம் பைசாதான். கட்சிலிருந்து போன அல்லிதினா விஸ்ராம் என்ற வணிகர், புதிதாய்ப் போட்ட ரயில் பாதை நெடுகக் கடைகள் திறந்தவர். கைபேசிவழிப் பணமான எம்-பெசா 2007-லேயே அங்கு வந்துவிட்டது, நமக்கு யு.பி.ஐ. 2016-இல்தான். சைவம் உண்போர் பட்டினி கிடக்க வேண்டாம். மக்காச்சோள மாவில் 'உகாலி', நம் களியேதான். தொட்டுக்கொள்ள 'சுகுமா விக்கி' என்ற கீரை. பெயரின் பொருள் வாரத்தைத் தள்ளுவது என்பதாம்!

செலவு அதிகம். ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமே ஆளுக்கு நாளொன்றுக்கு 200 டாலர் என 2024 முதல் வாங்குகிறார்கள். ஜனவரி முதல் ஜூன் வரை 100. சிறு விமானத்தில் போனால் சுமை 15 கிலோவுக்கு மேல் கூடாது, அதுவும் மெத்தென்ற பையில். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்பட 10 நாளுக்கு முன்பே போட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் திரும்பினால், நம் விமான நிலையத்திலேயே தனிமையில் வைத்துவிடுவார்கள்.