ஃபைன்வெர்க்பாவா, வால்தரா? நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் நேயர் ஒருத்தர் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவரோட தங்கச்சி பன்னிரண்டாவது படிக்கிறாங்க. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுறாங்க. கிளப்ல பொதுவா வச்சிருக்குற ரைஃபிளை வச்சே 60 ஷாட்டுக்கு 600 பக்கம் வர்றாங்களாம். இப்போ சொந்த ரைஃபிள் வாங்கணும், அதுக்கு அம்மாவோட நகையை அடகு வைக்கப் போறாங்க. கையில ரெண்டு சாய்ஸ்: ஃபைன்வெர்க்பாவ் 800 எக்ஸ், இல்லைன்னா வால்தர் எல்ஜி400. "எது வாங்கலாம் ப்ரோ? கிளப்ல பாதிப் பேர் இதுங்கிறாங்க, பாதிப் பேர் அதுங்கிறாங்க."

இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா வீட்டு நகை சம்பந்தப்பட்ட விஷயம், அதனால முழு எபிசோடாவே பண்ணிடலாம்னு முடிவு பண்ணினேன்.

முதல்ல ரெண்டு கம்பெனியைப் பத்திச் சுருக்கமா. ரெண்டும் ஜெர்மனி, ரெண்டும் ஒரே மாநிலம், பாடன்-வூர்ட்டம்பெர்க். ஃபைன்வெர்க்பாவ் இருக்குறது ஓபர்ன்டார்ஃப்ங்கிற சின்ன ஊர்ல. பழைய மவுசர் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த அதே ஊர். மவுசர்ல வேலை பார்த்த வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர்னு ரெண்டு இன்ஜினியர்கள், உலகப் போர் முடிஞ்சதும் ஆரம்பிச்ச கம்பெனி அது. வால்தர் இன்னும் பழசு, 1886. போருக்கு அப்புறம் உல்ம் நகரத்துக்கு வந்துட்டாங்க. ஜேம்ஸ் பாண்ட் கையில பார்த்திருப்பீங்களே பிபிகே, அதே வால்தர்தான். இப்போ ஃபைன்வெர்க்பாவ் 900, வால்தர் எல்ஜி500னு அடுத்த தலைமுறையும் வந்தாச்சு. ஆனா நம்ம ஊர் கிளப்கள்லயும் செகண்ட் ஹேண்ட்லயும் பேச்சு இன்னும் 800, 400 பக்கம்தான்.

உள்ள என்ன நடக்குது? ரெண்டுலயும் அடிப்படை ஒண்ணுதான். பேரலுக்குக் கீழ ஒரு சிலிண்டர், அதுல 200 பார் வரைக்கும் காத்து. ஒரு ரெகுலேட்டர் அந்த அழுத்தத்தைக் குறைச்சு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அளவு காத்து போற மாதிரி பார்த்துக்குது. 4.5 மில்லிமீட்டர் பெல்லட், வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்துல வெளிய வருது. அந்தச் சின்ன உதறலைச் சமாளிக்க ரெண்டு பேருமே உள்ள ஒரு அப்சார்பர் வச்சிருக்காங்க. அதாவது எதிர்த்திசையில நகர்ந்து உதைப்பை வாங்கிக்கிற ஒரு எடை. ட்ரிகர் ரெண்டுலயும் முதல் கட்டம், ரெண்டாம் கட்டம்னு தனித்தனியா அட்ஜஸ்ட் பண்ணலாம். எல்ஜி400ல எலெக்ட்ரானிக் ட்ரிகர் வச்ச மாடலும் உண்டு. போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிகருக்குக் குறைஞ்சபட்சம் 500 கிராம் இழுவை இருக்கணும், ரைஃபிளுக்கு அப்படி ஒரு எல்லையே கிடையாது. புதுசா தொட்டுப் பார்க்குறவங்களுக்கு "நான் இன்னும் அழுத்தவே இல்லையே"ன்னு தோணும், அவ்வளவு லேசு.

இப்போ கணக்குக்கு வருவோம். இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது உபயோகமா இருக்கட்டும்.

டார்கெட்ல 10ங்கிற அந்தப் புள்ளியோட விட்டம் 0.5 மில்லிமீட்டர். ஒவ்வொரு வளையமும் மையத்துல இருந்து 2.5 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கு. மதிப்பெண் தசமத்துல போடுறாங்க, உச்சம் 10.9. அப்போ 0.1 புள்ளின்னா கால் மில்லிமீட்டர். 60 ஷாட், அதிகபட்சம் 654.

இந்த 0.1க்கு எவ்வளவு மதிப்புன்னு தெரியணும்னா பாரிஸ் 2024ஐப் பாருங்க. கடலூர்ல பிறந்த நம்ம இளவேனில் வாலறிவன் பெண்கள் தகுதிச் சுற்றுல 630.7 எடுத்தாங்க, 10வது இடம். ஃபைனலுக்கு முதல் 8 பேர்தான். அதே சுற்றுல ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து 5வதா உள்ள போனாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல 0.8. மொத்த 60 ஷாட்டுலயும் சேர்த்து 2 மில்லிமீட்டர்.

இதைக் கேட்டதும், "அப்போ ரைஃபிள் ரொம்ப முக்கியம்தானே?"ன்னு தோணும். அந்த மட்டத்துல ஆமா. 600 அடிக்கிறவங்களுக்கு? அங்கதான் கதை மாறுது.

ரைஃபிளை மேசையில இறுக்கிக் கட்டி வச்சு, அதுக்குப் பொருந்துற பெல்லட்டைப் போட்டுச் சுட்டா, இந்த ரெண்டுமே எல்லா ஷாட்டையும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டைக்குள்ள போடும். ஒரு உதாரணத்துக்கு, நல்ல ரைஃபிளோட சிதறல் 0.4 மில்லிமீட்டர், கொஞ்சம் சுமாரானது 0.5ன்னு வச்சுக்குவோம். 600 அடிக்கிற ஷூட்டரோட உடம்பு ஆட்டத்தால வர்ற சிதறல் சுமார் 2 மில்லிமீட்டர். இந்த ரெண்டும் நேரா கூட்டல் ஆகாது, வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும். முதல் ரைஃபிள்ல மொத்தச் சிதறல் 2.04, ரெண்டாவதுல 2.06. புள்ளிக்கு மாத்தினா முழு மேட்சுக்கும் 0.6, 0.7 கிட்ட. 630 அடிக்கிறவங்களுக்கு அது ஃபைனலா வீடா. 600க்கு அது தும்மல்.

இதோட இன்னொரு பக்கமும் இருக்கு. அதே ஷூட்டர், அதே ரைஃபிள், ரெண்டு நாள் சுட்டாலே ஸ்கோர் 5, 6 புள்ளி மாறும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அரைப் புள்ளி ஏற்ற இறக்கம்னு வச்சுக் கணக்குப் போட்டாலே வர்ற நம்பர் இது. அதனால, "நான் வால்தர் மாத்தினேன், அன்னைக்கே 4 புள்ளி ஏறுச்சு"ன்னு கிளப்ல யாராவது சொன்னா, டீ வாங்கிக் கொடுத்துட்டு வந்துடுங்க. ஒரே ஒரு தடவை ரன் பண்ணின பெஞ்ச்மார்க்கை யாராவது ஸ்லைடுல போட்டா நாங்க ஆபீஸ்ல எப்படி முழிப்போமோ, அதே முழி.

அப்போ ரெண்டுல எதை எடுத்தாலும் ஒண்ணுதானா? இல்லை. சுடுறது கை இல்லை, முழு உடம்பு. ரைஃபிள் எடை 5.5 கிலோ வரைக்கும் விதியில அனுமதி உண்டு. அதை இடுப்பு எலும்பு மேல இடது முழங்கையை வச்சு, தசையை முறுக்காம, எலும்பு மேல நிக்க வைக்கணும். கன்னம் வைக்கிற இடம், தோள்ல படுற பட் பிளேட், கைப்பிடியோட பருமன், இடது கை தாங்குற உயரம், இதுல எது 5 மில்லிமீட்டர் தப்பா இருந்தாலும் உடம்பு அதைத் தசையால சரிக்கட்டப் பார்க்கும். 75 நிமிஷ மேட்ச்ல நாப்பதாவது ஷாட்டுக்கு அப்புறம் அந்தத் தசை கைவிட்டுடும். அந்த 2 மில்லிமீட்டர் சிதறல் 1.8 ஆகுறதும் 2.3 ஆகுறதும் இங்கதான். மேல பார்த்த 0.02ஐ இதோட வச்சுப் பாருங்க.

ரெண்டு ரைஃபிள்லயும் அலுமினிய ஸ்டாக்ல நிறைய திருகு இருக்கு, நிறைய அட்ஜஸ்ட் பண்ணலாம். ஆனா எந்தத் திருகுக்கும் ஒரு எல்லை உண்டு. பதினேழு வயசுப் பொண்ணு, சின்ன உள்ளங்கை, குட்டையான கை, அப்போ கேட்க வேண்டியது எது உலகத்தரம்னு இல்லை. எதை முழுசா சுருக்கி, எடையையும் குறைச்ச பிறகு அவங்களுக்குப் பொருந்துதுன்னுதான் கேட்கணும். ஒரு ரைஃபிள் கடைசித் திருகு வரைக்கும் போயும் பொருந்தலைன்னா அதோட அந்த ரைஃபிள் கதை முடிஞ்சது.

சோதிக்கிறது எப்படி? கிளப்ல ரெண்டுமே யார்கிட்டயாவது இருக்கும். கோச் உதவியோட ஒவ்வொண்ணையும் தங்கச்சிக்குச் செட் பண்ணுங்க, அதுக்கே ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் குறி வச்சு நிக்கச் சொல்லுங்க. கண்ணை மூடி, ரெண்டு மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்தி, கண்ணைத் திறக்கணும். குறி அதே இடத்துல இருக்கா, நகர்ந்துருச்சா? பத்து தடவை பண்ணுங்க. கிளப்ல ஸ்காட் மாதிரி குறியோட ஆட்டத்தைக் கோடா வரையுற கருவி இருந்தா இன்னும் நல்லது. ஒரு நாள் இதை முதல்ல, மறுநாள் அதை முதல்ல. குறைஞ்சது நாலு நாள். ஸ்கோரை எழுதி வைங்க, ஆனா ஸ்கோரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கடைசிப் பதினஞ்சு ஷாட்ல எதுல கம்மியா ஆடுறாங்கன்னு பாருங்க.

சில சமயம் இதுலயும் ரெண்டும் சமமா வரும். அப்போ என் ஓட்டு, கிளப்ல அதிகம் பேர் வச்சிருக்குற பிராண்டுக்கு. ஓ-ரிங் தேய்ஞ்சு போட்டிக்கு முந்தின நாள் காத்து கசிஞ்சா, பக்கத்து லேன்ல ஸ்பேர் இருக்கணும். அதைப் பிரிச்சுப் பழக்கப்பட்ட ஒரு கை இருக்கணும். ஜெர்மனியில இருந்து பார்சல் வர்ற வரைக்கும் தகுதிப் போட்டி காத்திருக்காது.

பெல்லட்டுக்கும் கொஞ்சம் காசு எடுத்து வைங்க. ஒரே கம்பெனி, ஒரே டப்பாப் பெயர், ஆனா தலை அளவு 4.49, 4.50னு மாறும். ஒவ்வொரு பேட்சும் ஒவ்வொரு பேரலுக்கு ஒவ்வொரு மாதிரி போகும். ரைஃபிளைக் கட்டி வச்சு நாலஞ்சு பேட்ச் சுட்டுப் பார்த்து, நல்லா கூடுறதை மொத்தமா வாங்குங்க. ரெண்டு ரைஃபிளுக்கும் இருக்குற வித்தியாசத்தைவிட இங்க கிடைக்கிறது அதிகம்.

லைசன்ஸ் பத்தியும் கேட்டிருந்தார். இந்தியாவுல 4.5 மில்லிமீட்டருக்குள்ள, 20 ஜூலுக்குள்ள இருக்குற ஏர் ரைஃபிளுக்குத் துப்பாக்கி லைசன்ஸ் தேவையில்லை. இந்தப் போட்டி ரைஃபிள்கள் 7.5 ஜூல் பக்கம்தான். பில்லையும் அடையாள அட்டையையும் பயணத்துல கூடவே வச்சுக்கோங்க.

கடைசியா சிலிண்டர், இதுலதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. ஒவ்வொரு சிலிண்டர்லயும் தேதி பொறிச்சிருக்கும். கம்பெனி கொடுத்த காலம் முடிஞ்ச சிலிண்டரைப் போட்டியில உபயோகிக்கக் கூடாது, அதுக்குப் பொறுப்பு ஷூட்டர்தான்னு சர்வதேச விதியே சொல்லுது. செகண்ட் ஹேண்ட்ல "அப்படியே புதுசு மாதிரி இருக்கு"ன்னு பாதி விலைக்கு வர்ற ரைஃபிளை எடுத்தா, முதல்ல பேரலைப் பார்க்காதீங்க, சிலிண்டர் தேதியைப் பாருங்க. புது சிலிண்டர் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்க. சென்னை மாதிரி கடற்கரை ஊர்ல, ஈரத்தைப் பிரிக்கிற ஃபில்டர் இல்லாத கைப்பம்புல காத்து அடிச்சா தண்ணி உள்ள போய் உட்காரும், துரு பிடிக்கும். காஞ்ச காத்து எங்க கிடைக்கும்னு கிளப்ல கேட்டு வச்சுக்கோங்க.

இனி அந்த நேயருக்கு நேரா. தம்பி, ஐரோப்பாவுலயே இந்த ரைஃபிள்கள் விலை ஜாஸ்தி, மேல வரி இருக்கு, கப்பல் கூலி இருக்கு. தங்கச்சிகிட்ட அளவெடுத்துத் தைச்ச ஜாக்கெட்டும் ஷூவும் இருக்கான்னு நீங்க சொல்லலை. இல்லைன்னா அது முதல்ல. கிளப் ரைஃபிள்லயே அந்த நாலு நாள் செட்டிங்கைப் பண்ணிப் பாருங்க. அதுக்கப்புறமும் கிளப் ரைஃபிள்தான் தடையா நிக்குதுன்னா வாங்குங்க. நீங்க சொன்ன உயரத்தையும் கை அளவையும் வச்சுப் பார்த்தா, ரெண்டுல எதை முழுசா சுருக்கினதும் தங்கச்சி கன்னம் தானா போய் உட்காருதோ அது. சமமா இருந்தா உங்க கோச் கையில இருக்குற பிராண்ட். கடைக்காரர் அட்வான்ஸ் கேட்டா, சிலிண்டர்ல பொறிச்ச தேதியை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டு அப்புறம் போடுங்க.