மிதிவண்டி இருக்கை: மென்மையைவிட அகலமே முதன்மை

உடல்நலம் கருதி வாங்கப்படும் மிதிவண்டிகள் பல, சில வாரங்களிலேயே மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. இருக்கையால் உண்டாகும் வலி இதற்கு ஒரு முக்கியக் காரணம். வண்டிக்குச் செலவிட்ட பணம் வீணாகாதிருக்க, குறைந்த செலவில் ஏற்ற இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம்.

தோல் இருக்கை நாளடைவில் உடலின் அமைப்புக்கேற்ப வளைந்துகொடுக்கும். ஆனால் விலை அதிகம். மழையில் நனைந்தால் தொய்ந்துவிடும். ரெக்சின் போன்ற செயற்கை உறையிட்ட நுரை இருக்கைகள் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன, பராமரிப்பும் எளிது. எனினும் இவை தோலைப்போல் உடலுக்கேற்ப மாறுவதில்லை. ஆகவே, வாங்கும்போதே அளவு பொருந்த வேண்டும்.

மெத்தென்ற இருக்கையே சுகமானது என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில், அமரும்போது நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகள். அளவுக்கு மீறி மென்மையான நுரையிலோ ஜெல்லிலோ அம்முனைகள் அமிழ்ந்துவிடுவதால், நடுவிலுள்ள மென்தசைகளும் நரம்புகளும் அழுத்தப்படுகின்றன. நெடுந்தொலைவுப் பயணத்தில் மரத்துப்போதல் இதனால் நேரலாம்.

அளவெடுப்பது எளிது. கடினமான நாற்காலியில் நெளியட்டைத் துண்டு ஒன்றை வைத்து, சற்றே முன்சாய்ந்து ஒரு நிமிடம் அமருங்கள். அட்டையில் பதிந்த இரு குழிகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவை அளந்து, அதனுடன் ஏறத்தாழ 2 செ.மீ. கூட்டுங்கள். 12 செ.மீ. எனில் 14 செ.மீ. அகல இருக்கை பொருந்தும். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுவோருக்கு இன்னும் சற்று அகலம் தேவை. குனிந்து ஓட்டுவோருக்குக் குறுகியதே போதும்.

கடைக்குச் செல்லுமுன் பழைய இருக்கையைச் சரிசெய்து பாருங்கள். பெடல் கீழே இருக்கும் நிலையில் அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இருக்கையின் மேற்பரப்பு சமமட்டமாக இருக்க வேண்டும். இவ்விரு திருத்தங்களால் வலி நீங்கினால் செலவே இல்லை.

புதிதாக வாங்கினால், மேற்புறத்தில் தையல் குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தையல் வழியே மழைநீர் நுரைக்குள் இறங்கும். பொருந்தாவிடில் மாற்றித் தருவார்களா எனக் கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொடக்க நாள்களின் இலேசான வலி பழகப் பழகக் குறையும்; மரத்துப்போதல் தொடர்ந்தால் இருக்கையை மாற்றுவதே நன்று.